கல்லிலும் பலகையிலும் இல்லாத பெயர்கள்

அற்றன் நகரிலிருந்து டிக்கோயாவைக் கடந்து நோர்வூட் நோக்கிச் செல்வோர், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தவாறு ஒரு மேட்டின்மேல் கருங்கல்லாற் கட்டப்பெற்ற சிறு தேவாலயம் ஒன்றைக் காண்பர். வார்லி தேவாலயம் என்று வழங்கும் இஃது 1878 ஆம் ஆண்டில் எழுந்தது. சுற்றிலும் தேயிலை, நடுவே கோயில், கோயிலைச் சூழக் கல்லறைகள். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இம்மலைகளில் வாழ்ந்து மறைந்த ஆங்கிலத் துரைமாரும், அவர்தம் மனைவியரும், பால்மணம் மாறாத குழந்தைகளும் அங்கே உறங்குகின்றனர். ஒவ்வொரு கல்லிலும் பெயர் உண்டு. பிறந்த நாளும் இறந்த நாளும் உண்டு. விட்டுச் சென்றோரின் அன்புரை ஒன்றும் உண்டு.

இத்தகைய இடங்கள் மலைநாட்டிற் பல. நுவரெலியாவில் 1852 இல் எழுந்த திரித்துவ ஆலயமும், பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலயமும் அவற்றுட் சில. பொகவந்தலாவை ஆலய முற்றத்திலேதான் உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரோன் 1879 இல் அடக்கஞ் செய்யப்பெற்றார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வெளிநாட்டார் அக்கல்லைத் தேடி வருகின்றனர். கல்லிற் பெயர் இருப்பதால் அன்றோ தேடி வர இயலுகின்றது!

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலரை வார்லி ஆலயத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கல்வெட்டுப் பாடத்தை நூலிற் படிப்பதிலும் கண்ணாற் காண்பது மேல் என்பது என் எண்ணம். பிள்ளைகள் கல்லறைக்குக் கல்லறை ஓடிப் பெயர்களை எழுதிக்கொண்டனர். திரும்பும் வழியில் நான் ஒரு சிறு வேலை கொடுத்தேன். "இன்று அயலார் பெயர்கள் பலவற்றை எழுதினீர்கள். நாளை உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பெயரை எழுதி வாருங்கள்" என்றேன். மறுநாள் முப்பது பேரில் எழுதி வந்தவர் நால்வர். அந்நால்வருள்ளும் இருவர் எழுதியவை, வீட்டார் வழங்கிய செல்லப்பெயர்களே. அன்று தொடங்கிய எண்ணத்தின் பயனே இக்கட்டுரை.

துரைமார் படை

மலைநாட்டுத் தேவாலயச் சுவர்களிலும் பழைய மன்றங்களிலும் உள்ள போர் நினைவுப் பட்டயங்களைப் புரிந்துகொள்ள, ஒரு படையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1900 ஆம் ஆண்டில் 'இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை' என்றொரு தொண்டர் படை அமைக்கப்பட்டது. அதிற் சேர்ந்தோர் தேயிலை, றப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர். கண்டி அதன் தலைமையிடம்.

1914 இல் முதல் உலகப் போர் மூண்டதும், அப்படையிலிருந்து எட்டு அதிகாரிகளும் 229 வீரரும் ஒக்டோபர் மாதத்திற் கப்பலேறினர். முதலில் எகிப்தில் சூயஸ் கால்வாயைக் காத்தனர். பின்னர் அவுஸ்திரேலிய, நியூசீலாந்துப் படைகளோடு இணைக்கப்பெற்று, 1915 இல் துருக்கி நாட்டுக் கலிப்போலிக் கரைக்கு அனுப்பப்பட்டனர். அப்போரில் இப்படைப்பிரிவு இழந்தோர் எண்பதின்மர், காயமுற்றோர் தொண்ணூற்றொன்பதின்மர். நேற்றுவரை நம் மலைகளிற் குதிரையேறிக் கொழுந்து மலை பார்த்துவந்த இளைஞர், கேட்டறியாத கடற்கரை ஒன்றில் மாண்டனர். 1949 இல் இலங்கைக்கெனத் தனிப்படை அமைந்தபொழுது இத்துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டது.

போரில் மாண்டோர் பெயரை ஊர்தோறும் பொறிக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடத்திலும் மிகப் பழையதன்று. முன்னாளில் அவர்கள் தளபதியர்க்கும் பெருமக்களுக்குமே பெரும்பாலும் சின்னம் எடுத்தனர். முதல் உலகப் போரில் இறந்தோர் தொகையோ கணக்கிறந்தது. மாண்டோர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரலாகாது என்று அரசு விதித்தது. புதைத்த இடம் தொலைவில். சிலர்க்கு அதுவும் இல்லை. மகனை இழந்த தாய் எங்கே சென்று மலர் சொரிவாள்? ஆதலால் ஊர்ச்சந்தி, தேவாலயம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை, விளையாட்டு மன்றம் என, அவ்விளைஞன் நடமாடிய இடங்களிலெல்லாம் பெயர்ப் பலகைகள் எழுந்தன. உடல் இல்லாத இடத்தில் உடலுக்கு ஈடாக நின்றது பெயர். இதனை நாம் நன்கு மனங்கொள்ளல் வேண்டும்.

கொழும்பிலும் கண்டியிலும்

கொழும்பு மாநகரிற் போர் நினைவுத் தூண் ஒன்று உண்டு. இலண்டன் நகரத்து நினைவுச் சின்னத்தை வகுத்த எட்வின் லட்டியன்ஸ் என்பாரே இதனையும் வகுத்தார். 1923 இல் காலிமுகத் திடலில் திறந்து வைக்கப்பெற்ற இத்தூண், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யப்பானியர் விமானத்துக்கு அடையாளமாகி விடுமோ என்ற அச்சத்தாற் பெயர்க்கப்பட்டு, இன்று விகாரமாதேவிப் பூங்கா எனப்படும் இடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. போர் நினைவுத் தூணே போருக்கு அஞ்சி இடம் மாறியது, நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும்.

கண்டிக்கு அண்மையிற் பிட்டகந்தையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டமோ வேறு வகையினது. 1944 இல் தென்கிழக்காசியப் படைத்தலைமை கண்டிக்கு வந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனையிலிருந்து பர்மியப் போரை நடத்தினார். அக்காலத்தில் மாண்டோர் ஏறத்தாழ இருநூற்றுவர் இங்கே அடக்கமாயினர். ஆங்கிலேயர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனடியர், இத்தாலியர் என்று பல நாட்டார் அருகருகே துயில்கின்றனர். கற்களில் உயர்வு தாழ்வு இல்லை. தளபதியின் கல்லும் சுமை தூக்கியவனின் கல்லும் ஒரே அளவு. பதவி, நிறம், மதம் கருதாது மாண்டோர் அனைவரையும் ஒப்ப நினைத்தல் வேண்டும் என்பது, 1917 இல் தோன்றிய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் அடிப்படைக் கொள்கை.

கொள்கை உயர்ந்தது, ஆயின் அது எங்கும் காக்கப்பட்டதா? இல்லை என்பதை அவ்வாணைக்குழுவே 2021 இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்கர், எகிப்தியர் முதலானோருள் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் சுட்டி நினைக்கப்படவில்லை; அவருட் பலர்க்குச் சின்னமே எழாமலும் போயிருக்கலாம் என்று அதன் அறிக்கை கூறிற்று. நூறாண்டு கழித்தேனும் பிழையை ஏற்றமை பாராட்டத்தக்கது. ஆயினும் நூறாண்டுக்குப்பின் அப்பெயர்களை எங்ஙனம் தேடுவது? எழுதாது விட்ட பெயரை, அதனை அறிந்தோர் மறைந்தபின் மீட்டல் அரிது.

தமிழர் கண்ட நடுகல்

மாண்டோர்க்குக் கல் நடுதல் நமக்குப் புதியதா? அன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லின் படிகளை வகுத்துக் கூறுகின்றது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது முதற்படி. அதனைக் கொள்வதும், நீராட்டுவதும், நடுவதும், படையலிடுவதும், வாழ்த்துவதும் அடுத்தடுத்து வருவன. இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் காதைகளுக்கே இப்படிகளின் பெயர்களைச் சூட்டினார். சேரன் செங்குட்டுவன் இமயம் சென்று கல் எடுத்தது ஒரு வணிகன் மனைவிக்காக என்பதை நாம் மறத்தலாகாது. அரசன் அரசனுக்கு எடுத்த கல்லன்று அது.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இல் தமிழி எழுத்துடன் கூடிய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆனிரை கவர்ந்த பூசலில் மாண்டவன் ஒருவனை அவற்றுள் ஒன்று கூறுகின்றது. தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களுள் மிகப் பழையனவாக அவற்றை அறிஞர் மதிப்பர். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டுக் கல்லோ இன்னும் வியப்புக்குரியது. அது மாண்ட வீரனொருவனைக் காட்டுவதோடு அமையவில்லை. அவனருகே நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காத்த நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஊர் காத்த நாய் ஒன்றின் பெயரை நாம் இன்று அறிவோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இம்மலைக் காடு திருத்திய நம் முன்னோர் பெயரை அறியோம்.

முழுப்பேர், அரைப்பேர்

இங்கே தோட்டத்து வழக்கொன்றைக் கூறுதல் பொருந்தும். ஒரு நாள் வேலைக்குரிய கூலிப் பதிவைத் தோட்டத்தார் 'பேர்' என்பர். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "இந்த மாதம் உனக்கு எத்தனை பேர்?" என்று ஒருவரையொருவர் வினவுவர். செக்ரோல் என்னும் அப்பதிவேட்டிலே நாள்தோறும் பெயர் எழுதப்பட்டது. காலையில் தப்பு முழங்க மக்கள் கூடும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர். படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபே பிரட்டு என்பர். படைபோல் அணிவகுத்தனர், பெயர் கூப்பிட மறுமொழி கூறினர், மழையிலும் பனியிலும் மலையேறினர். அவர்கள் பெயரைத் தாங்கிய பதிவேடு ஆண்டு முடிந்ததும் மூலையில் ஒதுங்கிற்று, செல்லரித்தது.

தென்னிந்தியாவிலிருந்து வந்த வழியிலேயே பெயர் மறைந்தவர் பலர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தோருள் பேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் வழியில் விழுந்தனர். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி வந்தோர்க்குத் தகரத்துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்துக்குரிய எழுத்தும் எண்ணுமே பொறிக்கப்பட்டிருந்தன. வழியிற் பெயருக்கு ஈடாக எண் நின்றது.

தோட்டத்தில் இறந்தவர்க்குக் கல்லறை எழாமைக்குக் காரணம் அன்பின்மை அன்று. நிலம் அவருடையதன்று. வாழும் லயத்து அறையே தமக்கு உரித்தில்லாதோர், கல் நடுவதற்கு நிலம் எங்கே பெறுவர்? மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவரும், 1947 இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவருமான சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், ஆங்கிலத்தில் இயற்றிய 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்னும் நெடும்பாட்டில், சின்னம் ஏதுமின்றித் தேயிலையின்கீழ் மண்ணாய்ப்போன தந்தையரை நினைந்து வருந்தினார். 1954 இல் நூலாக வந்த அப்பாட்டையே, கல்லில்லாத அம்மக்களுக்கு எழுந்த முதற் கல் எனலாம்.

ஆயினும் நம் மக்கள் நினைவை முற்றும் இழந்தாரில்லை. மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சளும் குங்குமமும் இட்டு, கவ்வாத்துச் சாமி என்றனர். கொழுந்துச் சாமி என்றனர். ஆலைச் சக்கரத்தின் அருகே ரோதைமுனியை நிறுத்தினர். மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடினர். பொன்னர் சங்கர் கதையை இரவு முழுவதும் ஆடி, கொங்கு நாட்டுப் போரில் மாண்ட உடன்பிறந்தாரை ஆண்டுதோறும் உயிர்ப்பித்தனர். கதைத்தலைவர்க்கு இத்துணைப் பெரிய நினைவு விழா எடுத்த மக்கள், தம் தந்தையர்க்கு ஒரு பலகை எழுதாதது ஏன்? எழுத்து அவர்களுக்கு எட்டாத பொருளாய் வைக்கப்பட்டிருந்தமையே காரணம்.

பூவரசம்பூவும் முல்லோயாவும்

போர் நினைவுக்கும் மலையகத் தொழிலாளர் வரலாற்றுக்கும் இடையே யாரும் எதிர்பாராத தொடர்பொன்று உண்டு. நவம்பர் 11 ஆம் நாள், முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். அன்று செந்நிறப் பொப்பிப் பூக்களை விற்றுப் பணம் திரட்டுவது ஆங்கிலேயர் வழக்கம். இலங்கையில் திரண்ட பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. அப்போரிலே பணிபுரிந்த இலங்கையர் வறுமையுற்றிருந்தனர். இது முறையன்று என்று, 1931 இல் ஏலியன் பெரேரா என்பார் அதே நாளிற் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் என்பது நம் பூவரசம்பூ. 1933 முதல் இளைஞர் பலர் அதனைப் பேரியக்கமாக்கினர். டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணியார் 'பூக்களின் போர்' என்று தலைப்பிட்டு எழுதிய கட்டுரை நாட்டிற் பெரும் பரபரப்பை விளைத்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டை அழித்தபொழுது இவ்விளைஞரே ஊர் ஊராய்ச் சென்று மருந்தும் உணவும் அளித்தனர். 1935 டிசம்பரில் இவர்கள் இலங்கைச் சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தனர். யாருடைய மாண்டோரை யாருடைய காசால் நினைப்பது என்ற வினாவிலிருந்து கிளைத்த இயக்கம், சில ஆண்டுகளில் மலைநாட்டுத் தோட்டங்களை எட்டிற்று.

ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா என்னும் தோட்டம் உண்டு. அதே ஹேவாஹெட்டை மலைகளிலுள்ள லூல்கந்துரவில்தான் 1867 இல் யேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கினார். 1892 இல் மறைந்த அவர்க்குக் கண்டி மகாயாவையிற் பெயர் பொறித்த கல் உண்டு. லூல்கந்துரவில் அவர் அமர்ந்த கல்லிருக்கையையும் வருவோர்க்குக் காட்டுகின்றனர். முல்லோயாத் தொழிலாளர் 1940 இன் தொடக்கத்திற் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். ஜனவரி 10 ஆம் நாள் பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். விசாரணைக் குழு அமைந்தபொழுது கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் சமசமாசத் தலைவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா.

தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் முதற் பலியாகக் கோவிந்தனை மலையகம் மதிக்கின்றது. அவர்க்குப் பின்னும் சிலர் வீழ்ந்தனர். 1956 இல் டயகமத் தோட்டப் போராட்டத்தில் மாண்டவர் ஏபிரகாம் சிங்கோ. அவர் சிங்களத் தொழிலாளி. தமிழரும் சிங்களரும் ஒரே வரிசையில் நின்றனர் என்பதற்கு அவர் பெயரே சான்று. 1977 மே 11 இல், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர்த் தோட்டநிலத்தைப் பிறர்க்குப் பகிர்வதை எதிர்த்து மக்கள் திரண்டபொழுது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். ஜனவரி 10 ஆம் நாளை மலையகத் தியாகிகள் தினமாகப் பல அமைப்பினர் நினைவுகூர்கின்றனர். இது நல்ல வழக்கம். ஆயினும் ஆண்டுக்கொருநாள் மேடையில் ஒலிக்கும் பெயர், மறுநாள் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் கண்ணிற் படுவதில்லை. பலகையிற் பெயர் இருந்தாற் படும்.

ஒரு பள்ளிக்கூடப் பலகை

இனி என் பிழையொன்றைக் கூறுவேன். பிறர்க்கு உரைப்போன் தன் குறையை மறைத்தல் தகாது.

நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றில், தலைமையாசிரியர் பெயர்களைப் பொறித்த மதிப்புப் பலகை ஒன்றை மண்டபத்தில் வைக்க விரும்பினர். அப்பொறுப்பு என்னிடம் வந்தது. அலுவலகக் கோப்புகளை எடுத்தேன். தோட்டப் பாடசாலைகளை அரசு 1977 முதற் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதன்பின் வந்தோர் பெயர்களெல்லாம் கோப்பில் ஒழுங்காக இருந்தன. அவற்றை எழுதிக் கொடுத்தேன். ஓவியர் பொன்னெழுத்தில் தீட்டினார். பரிசளிப்பு விழாவில் பலகை திறக்கப்பட்டது.

விழா முடிந்தபின் ஒரு மூதாட்டி பேரனின் கையைப் பற்றிக்கொண்டு பலகைமுன் நின்றார். கொழுந்து பறித்து ஓய்ந்த கைகள், எழுத்தறியாத கண்கள். பேரன் ஒவ்வொரு பெயராகப் படித்தான். முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "ஐயா, எங்க வாத்தியாரு பேரு இதில இல்லீங்களே" என்றார்.

"எந்த வாத்தியார் அம்மா?" என்றேன்.

லயத்தின் கடைசி அறையிற் பள்ளி நடந்த காலத்தை அவர் விரித்துரைத்தார். ஓர் அறை, ஓர் ஆசிரியர், நாற்பது பிள்ளைகள், மணலும் சிலேட்டும். சம்பள நாளன்று அவ்வாசிரியர் வீடு வீடாய்ச் செல்வாராம். "பிள்ளையை மலைக்கு அனுப்பிவிடாதீர்கள்; இன்னும் ஓராண்டு படிக்கட்டும்" என்று பெற்றோரைக் கைகூப்பி வேண்டுவாராம். மூதாட்டியின் தந்தை இணங்கவில்லை. பத்து வயதில் அவர் கொழுந்துக் கூடை எடுத்தார். "நான் படிக்காம போனேன். அதுக்காக அவரு அழுதாருங்க ஐயா" என்றார். அவ்வாசிரியரின் பெயரையும் சொன்னார்.

தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு 1907 ஆம் ஆண்டிலும் 1920 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் எழுந்தன என்பதை நான் வகுப்பிற் சொல்வதுண்டு. அச்சட்டங்களுக்கு உயிர் கொடுத்தோர் இத்தகைய ஓராசிரியர் அல்லரோ? நடுகல்லின் படிகளை ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், என் பள்ளியின் முதல் ஆசிரியரைக் கோப்பில் இல்லை என்பதற்காக விட்டுவிட்டேன். வெட்கினேன்.

பலகையைத் திருத்த வேண்டும் என்று கேட்டபொழுது தடை எழுந்தது. "ஆவணம் எங்கே? கிழவி சொன்னதை எழுதினால் நாளை ஆளுக்கொரு பெயர் கொண்டுவருவரே" என்றனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆகவே அயல் தோட்டங்களிலிருந்த முதியோர் மூவரைத் தனித்தனியே கண்டு வினவினேன். மூவரும் அதே பெயரைக் கூறினர். தந்தை பெயரின் முதலெழுத்தில் மட்டும் ஒருவர் வேறுபட்டார். முடிவில் முதலெழுத்தின்றிப் பெயரை மட்டும் எழுதி, 'முதியோர் நினைவின்படி' என்று கீழே குறிப்பதென இசைந்தனர். மேலே இடமில்லாமையாற் பலகை முழுவதையும் இழைத்து மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. பணம் சேர்க்க ஓராண்டுக்கு மேல் சென்றது.

புதிய பலகை வந்த நாளில் அம்மூதாட்டி இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னரே மறைந்துவிட்டார். பேரன் வந்து முதல் வரியைப் படித்துவிட்டுச் சென்றான். உறவினர் இசைவின்றி நாளிதழில் எழுதுதல் முறையன்றாகலின் அப்பெயரை இங்கே தாரேன். பலகையில் அது முதல் வரியில் இருக்கின்றது.

செய்யத் தக்கது

சயாம் பர்மா இரயில்பாதையை நினைமின். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யப்பானியர் அதனை அமைத்தபொழுது, கைதிகளாகிய நேசநாட்டு வீரர் பன்னீராயிரவர்க்கு மேல் மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றில் மட்டும் 6,982 போர்க் கைதிகள் அடக்கமாகியிருக்கின்றனர். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்தனர். அவர்க்குப் பெயர்க் கல் இல்லை. எண்பதாண்டு கழிந்து 2023 இல் மலேசியத் தமிழர் முயற்சியால் அவர்க்குக் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று எழுந்தது. நடுகல் என்ற பழந்தமிழ்ச் சொல்லையே அதற்கு அவர்கள் ஆண்டமை நெஞ்சை நெகிழ்விக்கின்றது.

அதே 2023 இல் மலையக மக்கள் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே பலர் நடந்து சென்றனர். நடந்தோர் வணக்கத்துக்குரியர். அந்நடை முடிந்த இடத்திலிருந்து நாம் செய்யத்தக்கன சில உள.

தோட்டந்தோறும் கோயில் உண்டு; பாடசாலை உண்டு; பல இடங்களில் வாசகசாலையும் சங்கக் கட்டடமும் உண்டு. கோயில்களிற் பெயரெழுதும் வழக்கத்துக்குக் குறைவில்லை. உபயகாரர் பெயர் மணியிலும் விசிறியிலும், ஏன், மின்குழாயிலுமே எழுதப்படுகின்றது. எழுத்து மிகுந்து ஒளி குறையும் குழாய்களையும் கண்டிருக்கின்றேன்! அவ்வார்வத்தின் ஒரு பகுதியை முன்னோர்பாற் செலுத்தலாம். அத்தோட்டத்தில் முதற் குடியேறிய குடும்பங்கள், முதல் ஆசிரியர், முதல் மருத்துவிச்சி, மண்சரிவிலும் ஆலை விபத்திலும் மாண்டோர், உரிமைக்காக உயிர் நீத்தோர், 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி வன்னி சென்று திரும்பாதோர் ஆகியோர் பெயர்களை எழுதலாம். அப்பலகையிற் கங்காணியின் எழுத்தும் கொழுந்து பறித்தவளின் எழுத்தும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். பிட்டகந்தைக் கல்லறைத் தோட்டத்திடம் நாம் கற்க வேண்டியது இதுவே.

ஐயமுள்ள இடத்தில் ஒருவர் சொல்லை மூவரிடம் ஒப்பிட்டுக் காண்க. உறுதிப்படாததைக் கூட்டி எழுதற்க. பெயர் மட்டும் கிடைத்தாற் பெயர் மட்டும் எழுதுக. கருங்கல்லும் பொன்னெழுத்தும் இப்பொழுதே வேண்டுமென்பதில்லை. பிள்ளையின் பயிற்சிக் கொப்பி ஒன்று போதும். தொல்காப்பியர் கூறிய படிகளில் கல்லைத் தேடிக் காண்பதே முதலாவது. நமக்கு முதலாவது பெயரைத் தேடிக் காண்பது. அதனை அறிந்த முதியோர் இன்னும் சிலர் லயத்து வாயிலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றனர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் அருகிற் சென்று அமர்ந்து, "பாட்டி, உங்கள் பாட்டன் பெயர் என்ன?" என்று கேளுங்கள்.